உயிரியல் இளங்கலை மாணவர்களின் பாடத் தேர்வு உரிமைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைக்கும், மாநில உயர்கல்வி மன்றத்துக்கும், பல்கலைக்கழகங்கள் மற்றும் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும் பொதுமக்கள் முன்னிலையில் வைக்கும் கோரிக்கைகள்

முன்னுரை

நாங்கள் தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்கள். இத்துறைகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள். பிள்ளைகளை இந்தப் படிப்புகளில் சேர்த்திருக்கும் பெற்றோர். எங்களில் பலரது குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறை இதுதான்.

எங்கள் கோரிக்கையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உயிரியலில் எந்தப் பிரிவில் ஆழமாகப் போவது, எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது என்பதை விவரம் தெரிந்து மாணவரே முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்யத் தகவல் வேண்டும், ஆசிரியர் வேண்டும், ஆய்வகம் வேண்டும், யோசிக்க நேரம் வேண்டும். இந்த நான்கையும் தருவது கல்லூரி, பல்கலைக்கழகம், அரசு ஆகிய மூன்றின் கடமை.

விருப்ப அடிப்படையிலான கிரெடிட் முறையை 2015-16 கல்வியாண்டிலிருந்து நாடெங்கும் நடைமுறைப்படுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. 2023இல் மாநில உயர்கல்வி மன்றம் தந்த மாதிரிப் பாடத்திட்டமும் விருப்பப் பாடங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. உரிமை பாடத்திட்டப் புத்தகத்தில் அச்சாகிவிட்டது. வகுப்பறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இன்றைய நிலை

பிளஸ் டூ முடிவு வந்த சில வாரங்களில் எங்கள் சிறப்புப் பிரிவு முடிவாகிவிடுகிறது. பதினேழு வயதில், ஆய்வகம் எதையும் பார்க்காமல், இணைய விண்ணப்பத்தில் துறைகளை வரிசைப்படுத்துகிறோம். எந்தத் துறையில் சீட்டு கிடைக்கிறதோ அதுவே மூன்றாண்டுக்கும் எங்கள் பாதை. மருத்துவப் படிப்பு கனவாக இருந்து, நீட் மதிப்பெண் போதாமல் இங்கே வந்தவர்களும் எங்களில் உண்டு. அவர்களுக்கு யோசிக்க இன்னும் குறைந்த நேரமே கிடைக்கிறது. விலங்கியலுக்கும் உயிரித் தொழில்நுட்பத்துக்கும் படிப்பில் என்ன வேறுபாடு, இரண்டும் எங்கே கொண்டுபோய் விடும் என்று சேர்க்கை மேசையில் விளக்குவார் யாருமில்லை. சில கல்லூரிகளில் ‘மேம்பட்ட விலங்கியலும் உயிரித் தொழில்நுட்பமும்’, ‘தாவர உயிரியலும் தாவர உயிரித் தொழில்நுட்பமும்’ என்ற பெயர்களிலும் பட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பெயருக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்பது சேர்ந்த பிறகே தெரிகிறது.

அடுத்து விருப்பப் பாடம். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறோம். பாடத்திட்டப் புத்தகத்தில் மீன் வளர்ப்பு, வனஉயிர்ப் பாதுகாப்பு, உயிர்த்தகவலியல் என்று மூன்று தாள்கள் இருக்கும். வகுப்புப் பிரதிநிதியின் கைக்கு ஒரு பட்டியல் வரும். அதன் தலைப்பில் ‘மீன் வளர்ப்பு’ என்று ஏற்கெனவே தட்டச்சாகியிருக்கும். கீழே பதிவெண், பெயர், கையொப்பம் என்று மூன்று கட்டங்கள். பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி, எல்லாக் கையெழுத்தும் விழுந்து, மதிய இடைவேளைக்குள் அது துறை அலுவலகத்துக்குத் திரும்பிவிடும். மற்ற இரண்டு தாள்கள் என்ன ஆயின என்று கேட்டால், “அதுக்கு ஸ்டாஃப் இல்லைப்பா” என்ற பதில் வரும்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்பது விதி. வகுப்பை மூன்று தாள்களுக்குப் பிரித்தால் அதே விருப்பப் பாடத்துக்கு மூன்று மடங்கு நேரம் தேவைப்படும். காலியிடம் நிரப்பப்படாத துறையில், கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறையில், அந்த நேரத்துக்கு ஆள் கிடையாது. ஆகவே துறைத் தலைவர் தம்மிடம் உள்ள ஆசிரியருக்கு எது கைவருமோ அதையே வகுப்பு முழுவதற்கும் கொடுக்கிறார். நாங்கள் எந்த ஆசிரியர் மீதும் பழி போடவில்லை. ஆசிரியர்களும் இந்தச் சாசனத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். குறை, விருப்பத்தை அச்சிட்டுவிட்டு அதை நடத்தப் பணமும் பணியிடமும் ஒதுக்காத ஏற்பாட்டில் இருக்கிறது.

இது ஏன் எங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது

ஒரு தாள்தானே, இரண்டு தாள்தானே என்று சொல்பவர்கள் பட்டத்துக்குப் பின் வரும் வாசல்களைப் பார்க்க வேண்டும்.

இந்திய வனப் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் கால்நடைப் பராமரிப்பும் மருத்துவமும், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றையாவது படித்திருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்ற பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. காடு மீது ஆசைப்பட்டு உயிரித் தொழில்நுட்பத்தில் சேரும் மாணவிக்கு இதை முதல் நாளே யாராவது சொல்ல வேண்டாமா?

ஐஐடிகளில் முதுகலை சேர எழுதும் ஜாம் தேர்வில் எங்களுக்குரியது பயோடெக்னாலஜி தாள். அதில் பட்ட நிலை உயிரியலோடு பிளஸ் டூ அளவு கணிதம், இயற்பியல், வேதியியலும் கேட்கப்படுகின்றன. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் முதுகலைப் படிப்புகளுக்கான கேட்-பி தேர்வின் முதல் பகுதியும் அப்படித்தான். பள்ளியில் ‘ப்யூர் சயின்ஸ்’ பிரிவில் தாவரவியலும் விலங்கியலும் படித்து வந்த எங்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்கள்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் உயிர் அறிவியல் பாடத்திட்டம் 13 அலகுகள் கொண்டது. மூலக்கூறில் தொடங்கி உயிரணு, மரபியல், தாவர உடலியங்கியல், விலங்கு உடலியங்கியல், சூழலியல், பரிணாமம், ஆய்வு முறைகள் வரை அது விரிகிறது. உயிரித் தொழில்நுட்பம் படித்தவர் சூழலியலையும், விலங்கியல் படித்தவர் தாவர உடலியங்கியலையும் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. பட்டப்படிப்பில் சரியான இரண்டு விருப்பப் பாடங்கள் கிடைத்திருந்தால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அங்கேயே அடைபட்டிருக்கும்.

வேலைச் சந்தையிலும் பெயர் ஏமாற்றுகிறது. ‘மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்’ என்று ஒரு விருப்பப் பாடம் படித்துவிட்டால் ஆய்வக டெக்னீஷியன் ஆகிவிடலாம் என்று நம்பும் பெற்றோர் இருக்கிறார்கள். 2021இல் வந்த துணை மருத்துவ, நலவாழ்வுப் பணியாளர் ஆணையச் சட்டம் அந்தத் தொழிலைத் தனித் தகுதியும் பதிவும் கொண்ட தொழிலாக வரையறுக்கிறது. ஒரு செமஸ்டர் தாள் அந்தத் தகுதிக்கு ஈடாகாது. இதைச் சொல்லாமல் பாடத்தை விற்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

எங்கள் கோரிக்கைகள்

1. சேர்வதற்கு முன்பே முழு விவரம் வேண்டும்

ஒவ்வொரு உயிரியல் பட்டத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கையேடு, விண்ணப்பம் தொடங்கும் முன்பே கல்லூரி இணையதளத்திலும் சேர்க்கை மேசையிலும் இருக்க வேண்டும். முதன்மைப் பாடங்கள், துணைப் பாடங்கள், கடந்த மூன்றாண்டுகளில் உண்மையில் நடத்தப்பட்ட விருப்பப் பாடங்கள் எவை என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். அந்தப் பட்டம் பி.எட். சேர்க்கைக்கும், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுகளுக்கும், வனப் பணிக்கும், எந்தெந்த முதுகலைக்கும் செல்லும், எதற்குச் செல்லாது என்றும் எழுத வேண்டும். பட்டங்களின் இணைத்தன்மை குறித்து அரசு ஆணைகள் வெளியிடுகிறது. அவற்றை மாணவர் பட்டம் வாங்கிய பிறகு தேடி அலையக் கூடாது. அரசாணை எண்ணோடு கையேட்டிலேயே அச்சாக வேண்டும்.

2. முதலாண்டு பொதுவாக இருக்க வேண்டும். துறை மாற வழி வேண்டும்

ஒரே கல்லூரியில் உள்ள உயிரியல் பட்டங்கள் அனைத்துக்கும் முதல் இரண்டு செமஸ்டரின் முதன்மைப் பாடங்கள் கூடியவரை பொதுவாக அமைய வேண்டும். உயிரணு உயிரியல், உயிரினப் பன்மை, அடிப்படை மரபியல், சூழலியல், அடிப்படை உயிர்வேதியியல் ஆகியவற்றை எல்லோரும் படிக்கட்டும். முதலாண்டு முடிவில் மதிப்பெண், விருப்பம் இரண்டையும் பார்த்துத் துறை மாற அனுமதிக்க வேண்டும். இட ஒதுக்கீட்டு விதிகள் இந்த மாற்றத்திலும் அப்படியே கடைப்பிடிக்கப்பட வேண்டும். தாவரவியலில் சேர்ந்த பிறகு நுண்ணுயிரியலில் நாட்டம் பிறந்தால், ஓராண்டை இழந்து புதிதாகச் சேர வேண்டிய நிலை ஒருவருக்கும் வரக் கூடாது.

3. அச்சிட்ட விருப்பப் பாடம் நடத்தப்பட வேண்டும்

மூன்றாண்டுக்குள் ஒருமுறையேனும் நடத்த முடியாத தாளைப் பாடத்திட்டத்தில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு விருப்பப் பாட இடத்துக்கும் குறைந்தது இரண்டு தாள்கள் நடத்தப்பட வேண்டும். பத்து மாணவர் கேட்டால் அந்தத் தாள் நடந்தாக வேண்டும். அதற்கும் குறைவானவர் கேட்டால், அடுத்த கல்லூரியோடு சேர்ந்தோ ஓராண்டு விட்டு ஓராண்டோ நடத்தும் ஏற்பாடு வேண்டும். தேர்வுப் படிவம் ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியாக, தலைப்பு நிரப்பாமல், முன்னுரிமை எழுத இடம் விட்டுத் தரப்பட வேண்டும். யார் எதைக் கேட்டார்கள் என்பது இன்டர்னல் மதிப்பெண்ணைத் தொடக் கூடாது.

4. பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும்

அரசுக் கல்லூரிகளில் உயிரியல் துறைகளின் காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். பணியிடத் தேவையைக் கணக்கிடும்போது, நடத்த வேண்டிய விருப்பப் பாடங்களின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டின் எல்லா மாதங்களுக்கும் ஊதியம் வேண்டும். புதிய தாளைத் தயாரிக்க அவர்களுக்கும் நேரமும் பயிற்சியும் வேண்டும். அடுத்த செமஸ்டரில் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் புதிய பாடத்தைக் கட்டி எழுப்பச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

5. துறைச் சுவரைத் தாண்டிப் படிக்க அனுமதி வேண்டும்

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்று உலகின் உயிர்வேதியியல் பாடநூல்களில் அது நிலையான இடம் பிடித்திருக்கிறது. அதைத் தந்த ஜி. என். ராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்த ஜானகி அம்மாள், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் குரோமோசோம் ஆய்வுக்குப் போனார். 1945இல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். துறைகளுக்கு நடுவே நடந்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறார்கள்.

எனவே விலங்கியல் மாணவர் கணினி அறிவியல் துறையில் ஒரு தாளும், நுண்ணுயிரியல் மாணவர் புள்ளியியலில் ஒரு தாளும், தாவரவியல் மாணவர் புவியியலில் ஒரு தாளும் தம் விருப்பப் பாடமாக எடுக்க அனுமதி வேண்டும். பகுதி நான்கில் வரும் பிறதுறை விருப்பப் பாடத்தோடு இது முடிந்துவிடக் கூடாது; முதன்மைப் பாடங்கள் அடங்கிய பகுதி மூன்றின் கிரெடிட்டிலும் இடம் வேண்டும். ஒரே ஊரில் உள்ள கல்லூரிகள் தங்களுக்குள் கிரெடிட் மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களுக்கு ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை கிரெடிட் தரலாம் என்று 2021இல் மானியக் குழு விதி செய்திருக்கிறது. கல்லூரியில் நடத்த முடியாத தாளுக்கு அந்த வாசலைத் திறக்க வேண்டும். ஆனால் ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்க அதைச் சாக்காக்கக் கூடாது.

6. கணக்கும் கணினியும் எல்லோருக்கும் வேண்டும்

பள்ளியில் கணிதம் படிக்காத உயிரியல் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே, தோல்வி பயம் இல்லாத ஓர் இணைப்புப் பாடம் வேண்டும். உயிர்ப்புள்ளியியல் மனப்பாடம் செய்யும் தாளாக இல்லாமல், மாணவர் தாமே அளந்த தரவை வைத்துக் கணக்கிடும் தாளாக மாற வேண்டும். உயிர்த்தகவலியலுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஜென்பேங்க், புரதத் தரவு வங்கி ஆகியவை யாருக்கும் இலவசம். ஆர், பைத்தான் மென்பொருள்களும் இலவசம். வேண்டியதெல்லாம் ஓடுகிற கணினியும் இணைய இணைப்பும் திறந்திருக்கும் அறையும். கல்லூரிக் கணினி ஆய்வகத்தை உயிரியல் மாணவர்களுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நேரம் திறந்துவைக்க வேண்டும்.

7. செய்முறை இல்லாத விருப்பப் பாடம் வேண்டாம்

அகரோஸ் ஜெல்லில் டிஎன்ஏ ஓட்டும் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோபிப்பெட்டின் முனையை ஜெல்லில் உள்ள சின்னக் குழிக்குள் இறக்கி, அடியைக் கிழிக்காமல், நீலச் சாயம் கலந்த மாதிரியை மெல்ல விட வேண்டும். முனையை வெளியே எடுக்கும் முன்பே கட்டைவிரலைத் தளர்த்தினால் விட்ட மாதிரி திரும்ப உள்ளே ஏறிவிடும். கை நடுங்கினால் பக்கத்துக் குழியில் கலந்துவிடும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்கே கை பழகும். பல வகுப்புகளில் ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டுகிறார். நாங்கள் சுற்றி நின்று எட்டிப் பார்க்கிறோம். பிறகு ரெக்கார்டு நோட்டில் ஜெல்லை வரைந்து கையெழுத்து வாங்குகிறோம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் பிப்பெட்டைக் கையில் கொடுத்தால் அந்த ரெக்கார்டு நோட்டு உதவாது.

ஆகவே ஒவ்வொரு விருப்பப் பாடத்திலும் ஆய்வகம், களம், கணினி ஆகிய ஏதேனும் ஒன்றில் செய்முறை நேரம் கட்டாயம் வேண்டும். செய்முறைக் குழுவில் பதினைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வேதிப்பொருள் வாங்கவும் நுண்ணோக்கி, மையவிலக்கி போன்ற கருவிகளைப் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் தனி நிதி வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பொது உயிரியல் ஆய்வகத்தை அரசு அமைத்து, சிறு கல்லூரிகளின் மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும்.

8. களப் படிப்பு வேண்டும்

விலங்குகளை அறுத்துப் படிக்கும் செய்முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் நிறுத்தியதை வரவேற்கிறோம். ஆனால் அதனால் விடுபட்ட செய்முறை நேரம் சுவர்ப் படங்களுக்கும் காணொளிகளுக்கும் போய்விட்டது. அந்த நேரம் களத்துக்கு வர வேண்டும்.

களத்துக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையம், பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம், அதை ஒட்டி 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பு. திருச்சியில் ராபினட் உலர்தாவரத் தொகுப்பு. பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் சென்னைக் கல்லூரிகளிலிருந்து ஒரே நாளில் போய் வரும் தூரம். அரசே 2022இல் பாக் விரிகுடாவில் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. 2023இல் நீலகிரி வரையாடு திட்டத்தைத் தொடங்கியது. இந்த வேலைகளுக்குக் கணக்கெடுக்கத் தெரிந்த, இனம் பிரிக்கத் தெரிந்த இளைஞர்கள் தேவை. அவர்களை உருவாக்கும் விருப்பப் பாடங்கள் எங்கள் கல்லூரிகளில் இருக்க வேண்டும்.

களப் பயணச் செலவை மாணவரிடம் வசூலிக்கக் கூடாது. மாணவிகள் தடையின்றிப் பங்கேற்க, பெண் ஆசிரியர் உடன் வர வேண்டும். பாதுகாப்பான தங்குமிடமும் கழிப்பறை வசதியும் உறுதியாக வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்கள் சென்று வரக்கூடிய களமும், அதற்கு ஈடான மாற்றுச் செய்முறையும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும்.

9. சிறப்புத் தடங்களை வகுத்துச் சான்றிதழில் குறிக்க வேண்டும்

விருப்பப் பாடங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடக்கின்றன. ஒரு செமஸ்டரில் தேனீ வளர்ப்பு, அடுத்ததில் உயிர்த்தகவலியல் என்று படித்தால் எதிலும் ஆழம் வராது. மூன்றாம் ஆண்டில் ஐந்து தடங்களை வகுக்கும்படி கேட்கிறோம்: மூலக்கூறு மற்றும் உயிரணு உயிரியல்; சூழலியல், பரிணாமம், வனஉயிர்; நுண்ணுயிர், நோய்த்தடுப்பு, பொதுச் சுகாதாரம்; பயிர், மீன், கடல் வளம்; கணக்கீட்டு உயிரியல். எல்லாத் தடங்களையும் எல்லாக் கல்லூரியும் நடத்த வேண்டியதில்லை. தன் ஆசிரியர் பலத்துக்கும் ஊருக்கும் ஏற்ற இரண்டையாவது ஒவ்வொரு கல்லூரியும் உருப்படியாக நடத்தட்டும். நாகப்பட்டினத்துக் கல்லூரிக்குக் கடல் வளம் பொருந்தும். உதகைக் கல்லூரிக்கு வனஉயிர் பொருந்தும்.

ஒரு தடத்தில் மூன்று விருப்பப் பாடங்களும் ஓர் ஆய்வுத் திட்டமும் முடித்தவரின் மதிப்பெண் சான்றிதழில் அந்தத் தடத்தின் பெயர் வர வேண்டும். தடம் எடுக்காமல் பரவலாகப் படிக்க விரும்புபவருக்கும் அதே மதிப்போடு இடம் வேண்டும். பள்ளி ஆசிரியராகப் போகிறவருக்கும் குடிமைப் பணித் தேர்வு எழுதுபவருக்கும் பரவலான படிப்பே பயன்படும்.

10. வழிகாட்ட ஒருவர் வேண்டும்

ஒவ்வொரு இருபது மாணவருக்கும் ஓர் ஆசிரியர் பாட வழிகாட்டியாக நியமிக்கப்பட வேண்டும். அந்த நேரம் அவருடைய பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். நான்காம் செமஸ்டரில் ஒரு வாரம், வகுப்புகளை நிறுத்தி, ஒவ்வொரு விருப்பப் பாடத்தையும் நடத்தப்போகும் ஆசிரியரே வந்து அதில் என்ன கற்பிப்பார், எப்படி மதிப்பிடுவார் என்று தமிழிலும் விளக்க வேண்டும். முந்தைய ஆண்டு அதே தாளைப் படித்த மூத்த மாணவர்களும் வந்து பேச வேண்டும். 2022 முதல் நடக்கும் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உயிரியல் மாணவர்களுக்கு உயிரியல் சார்ந்த திறன் பயிற்சிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட வேண்டும்.

11. தேர்வைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு வேண்டும்

செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் விருப்பப் பாடத்தை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். விருப்பப் பாடத்தில் அரியர் விழுந்தவர் அதே தாளை மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதற்கு ஈடான வேறொரு விருப்பப் பாடத்தை எழுதித் தேற வழி செய்ய வேண்டும். ஒரே ஒரு அரியரால் பட்டம் தள்ளிப்போகும் மாணவருக்கு இந்த ஒரு விதி பெரிய விடுதலை.

12. பாடத்திட்டக் குழுவில் எங்களுக்கும் இருக்கை வேண்டும்

ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவிலும் இரண்டு மாணவப் பிரதிநிதிகளுக்கும் ஒரு கௌரவ விரிவுரையாளருக்கும் இடம் வேண்டும். பிரதிநிதிகளில் ஒருவராவது மாணவியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எந்த விருப்பப் பாடத்தை எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, கிடைக்காததற்குக் காரணம் என்ன என்ற பட்டியலைத் துறை வெளியிட வேண்டும்.

நாங்கள் ஏற்கும் பொறுப்பு

உரிமை கேட்கும் நாங்கள் கடமையையும் ஏற்கிறோம். நண்பன் எடுத்தான், மதிப்பெண் எளிதாக வரும் என்று சொன்னார்கள் என்பதற்காக ஒரு தாளைத் தேர்ந்தெடுக்க மாட்டோம். தேர்ந்தெடுத்த பாடத்தின் செய்முறைக்கும் களப் பணிக்கும் தவறாமல் வருவோம். மூன்றாமாண்டு மாணவர்களாகிய நாங்கள், எங்களுக்குப் பின் வருவோருக்காக நாங்கள் படித்த விருப்பப் பாடங்களைப் பற்றித் தமிழில் குறிப்பு எழுதித் துறை நூலகத்தில் வைப்போம்.

ஆசிரியர்களாகிய நாங்கள், பணியிடமும் நேரமும் கிடைத்தால் மூன்றாண்டுக்கு ஒரு புதிய விருப்பப் பாடத்தையாவது தயாரிப்போம். பழைய குறிப்புகளையே திரும்ப வாசிக்க மாட்டோம். பெற்றோராகிய நாங்கள், பிள்ளைகள் காட்டுக்கும் கடலுக்கும் படிக்கப் போவதைத் தடுக்க மாட்டோம். எங்களுக்குப் புரியாத பாடம் என்பதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

கால வரிசை

பணம் அதிகம் தேவைப்படாதவற்றை முதலில் கேட்கிறோம். கையேடு, தனித் தேர்வுப் படிவம், இரண்டு வார மாற்ற வாய்ப்பு, பாட அறிமுக வாரம், மாணவப் பிரதிநிதித்துவம், செமஸ்டர் முடிவுப் பட்டியல் ஆகியவை வரும் கல்வியாண்டிலேயே நடைமுறைக்கு வர வேண்டும். துறை தாண்டிய விருப்பப் பாடம், கல்லூரிகளுக்கிடையிலான கிரெடிட் மாற்றம், அரியர் விதி ஆகியவற்றுக்கு ஓராண்டு தருகிறோம். பொது முதலாண்டும் சிறப்புத் தடங்களும் இரண்டாண்டுக்குள் வர வேண்டும். பணியிட நியமனத்துக்கும் மாவட்ட ஆய்வகங்களுக்கும் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே தொகை ஒதுக்கி, மூன்றாண்டுக்குள் முடிக்க வேண்டும்.

நிறைவாக

இந்த மாநிலம் மாணவிகளின் உயர்கல்விக்காகப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்காகத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவர இவ்வளவு செய்த அரசு, உள்ளே வந்த பிறகு எதைப் படிப்பது என்ற கேள்வியில் அவர்களைக் கைவிடாது என்று நம்புகிறோம்.

ஒவ்வொரு கல்லூரியின் உயிரியல் துறைகளும் இந்தச் சாசனத்தைத் தங்கள் அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். ஏற்கும் கோரிக்கைகளையும், ஏற்க முடியாதவற்றுக்கான காரணத்தையும் எழுத்தில் தந்து, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பதில் வராத இடங்களில் நாங்கள் கையெழுத்துகளோடு முதல்வர் அறைக்கும், பல்கலைக்கழகத்துக்கும், உயர்கல்வித் துறைக்கும் வரிசையாகச் செல்வோம். அடுத்து ஐந்தாம் செமஸ்டருக்குள் நுழையும் மாணவர்கள் தலைப்பு நிரப்பாத படிவத்தில் தங்கள் முதல் விருப்பத்தைத் தாங்களே எழுதும் வரை இந்தக் கோரிக்கைகளை விடமாட்டோம்.